அறுபது பேருக்கு ஓர் ஆங்கில வகுப்பு

தமிழகத்தின் கலை அறிவியல் கல்லூரிகளில் ஆங்கிலம் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதை அறிய விழைவோர் பாடத்திட்டத்தைப் புரட்ட வேண்டியதில்லை. வகுப்பறையில் உள்ள தலைகளை எண்ணினாலே போதும். அறுபது பேர் என்பது இயல்பான எண்ணிக்கை. வரலாற்று மாணவரையும் பொருளியல் மாணவரையும் பகுதி இரண்டுக்காக ஒரே அறையில் அமர்த்தும் இடங்களில் அது எண்பதையும் தாண்டும்.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அதே மாணவர்களே முந்தைய பாடவேளையில் நம்முன் அமர்ந்திருக்கிறார்கள். கண்ணகி அரசவையில் வழக்குரைத்தது சரியா என்று கேட்டால் குரல் உயர்த்தி வாதிடுகிறார்கள். மணி அடித்து ஆங்கில வகுப்புத் தொடங்கியதும் அதே வாய்கள் மூடிக்கொள்கின்றன. அறிவு மாறவில்லை; அறையும் மாறவில்லை. மாறியது மொழி மட்டுமே. அறுபது பேருக்கு நடுவில் தாய்மொழியில் பேசுவதற்குத் துணிவு போதும். பழகாத மொழியில் பேசுவதற்கோ பிழை செய்யும் உரிமையும் வேண்டும். அவ்வுரிமையை அறுபது பேரின் சிரிப்புக்கு முன்னால் கோரும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு?

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது நிமிடப் பாடவேளையில் வருகைப்பதிவுக்கு ஐந்து நிமிடம் போக எஞ்சுவது நாற்பத்தைந்து. ஆசிரியர் ஒரு சொல்லும் பேசாதிருந்தாலும் ஒரு மாணவருக்குக் கிட்டுவது நாற்பத்தைந்து நொடி. எழுத்துப் பயிற்சியின் கணக்கு இதனினும் கொடிது. ஒரு பக்கக் கட்டுரையைத் திருத்த ஐந்து நிமிடம் என்றால், அறுபது கட்டுரைகளுக்கு ஐந்து மணி நேரம். நான்கு வகுப்புகளுக்கு இருபது மணி நேரம். உதவிப் பேராசிரியருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்த வாரக் கற்பித்தல் நேரமே 16 மணிதான். எனவே திருத்தப்படாத கட்டுரையை ஆசிரியரின் சோம்பலுக்குச் சான்றாகக் காட்டுவது அறமாகாது.

இக்கணக்கின் விளைவாகவே ஆங்கில வகுப்பு, ஆங்கிலத்தைப் பற்றிய சொற்பொழிவாக மாறிவிடுகிறது. ஆசிரியர் கவிதையைப் படிக்கிறார், தமிழில் பொருள் கூறுகிறார், தேர்வுக்கான விடையைச் சொல்ல மாணவர் எழுதிக்கொள்கிறார். சொற்பொழிவை அறுபது பேரும் கேட்கலாம், அறுநூறு பேரும் கேட்கலாம். ஆனால் நீச்சலைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டு நீந்தியவர் எவருமில்லை.

வகுப்பைச் சிறிதாக்கினால் மட்டும் போதுமா என்பது நியாயமான ஐயம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை நடந்த ஸ்டார் ஆய்வில், தொடக்க வகுப்புக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளையும் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளையும் ஒப்பிட்டனர். சிறிய வகுப்பினர் வாசிப்பிலும் கணக்கிலும் மேம்பட்டு நின்றனர். அவ்வாய்வில் பெரியதெனக் கருதப்பட்ட வகுப்பே நம் வகுப்பில் பாதியளவு கூட இல்லை என்பது ஒருபுறமிருக்க, தொடக்கப்பள்ளிக் குழந்தைகளைப் பற்றிய முடிவை நம் கல்லூரி மாணவர்மீது அப்படியே ஏற்றிச் சொல்லவும் இயலாது. மேலும், கலிபோர்னியா 1996இல் தொடக்க வகுப்புகளை இருபது பேராக விரைந்து குறைத்தபோது, தகுதிபெற்ற ஆசிரியர் போதாமல் திண்டாடியது. அறையைப் பிரிப்பது எளிது. ஆசிரியரை உருவாக்குவது எளிதன்று.

மாணவரே மாணவருக்குக் கற்பிக்கலாமே என்பது அடுத்த வாதம். நம் மரபுக்கு இது புதிதன்று. ஆசிரியரிடம் கேட்டு மாணவன் பெறுவது கால்பங்கே, உடன்பயில்வோரிடம் கால்பங்கு, பிறருக்கு எடுத்துரைக்கையில் எஞ்சிய அரைப்பங்கு என்று பவணந்தியார் நன்னூலில் வகுத்துரைத்திருக்கிறார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவரைக் கொண்டு இளையோருக்குக் கற்பித்த அனுபவத்தை 1797இல் நூலாக வெளியிட, அது 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

எனினும் இரண்டாம் மொழிக்கு இம்முறை முழுதும் பொருந்தாது. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்த பெங்களூர்த் திட்டத்தில், என். எஸ். பிரபு குழுப்பணியை வேண்டுமென்றே தவிர்த்தார். அரைகுறையாக அறிந்த மொழியை மாணவர் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றால் பிழையே நிலைத்துவிடும் என்பது அவர் அச்சம். இவ்வச்சத்தை நாம் மதிக்கிறோம். படித்ததைப் புரிந்துகொள்ளுதல், சொற்பொருள் காணுதல், விடை தெளிவாக உள்ள பயிற்சிகள் ஆகியவற்றை மாணவர் குழுக்களிடம் ஒப்படைக்கலாம். பேச்சையும் எழுத்தையும் செப்பனிட ஆசிரியரின் செவியும் கண்ணுமே வேண்டும்.

ஆகவே நாம் கோருவது எல்லா வகுப்புகளையும் உடைப்பதன்று. வேதியியல் செய்முறை வகுப்பைப் பாருங்கள். அறுபது பேரையும் ஒரே மேசையைச் சுற்றி நிறுத்தி, ஆசிரியர் செய்வதை வேடிக்கை பார்க்கச் சொன்னால் எந்தத் துறைத்தலைவரும் பொறுக்கமாட்டார். அணி அணியாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் பியூரெட்டைக் கொடுக்கிறார்கள். கையால் செய்தே கற்க வேண்டும் என்று அங்கே ஒப்புக்கொள்ளும் நாம், நாவால் செய்தே கற்க வேண்டியதற்கு மட்டும் அணி பிரிக்க மறுப்பதேன்? ஆங்கிலத்திற்குரிய வாரப் பாடவேளைகளில் இரண்டையேனும் செய்முறை வேளைகளாக அறிவித்து, இருபது பேர் கொண்ட அணிகளாக்கி, அதற்கேற்ப ஆசிரியப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். செலவு உண்டுதான். ஆய்வகத்திற்கும் செலவு செய்துகொண்டுதானே இருக்கிறோம்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தைத் தன் வீட்டிலும் நண்பர் வட்டத்திலும் கற்றுக்கொள்கிறது. பேருந்தில் ஒன்றரை மணி நேரம் பயணித்துவரும் முதல் தலைமுறை மாணவிக்கு அம்மொழியைப் பேசிப்பார்க்க உள்ள ஒரே இடம் இவ்வகுப்பறை. மூன்றாண்டு படித்துப் பட்டம் பெற்றபின், நேர்காணலில் முதல் முறையாக வாய்திறந்து ஓர் ஆங்கில வாக்கியம் பேசும் நிலை அவளுக்கு நேருமானால், பகுதி இரண்டில் அவள் பெற்ற மதிப்பெண்ணுக்கு என்ன பொருள்?