உரிமம் வழங்குமுன் அயலவரைக் கேளுங்கள்

குப்பையைப் பசளையாக்குவதை நாம் எதிர்க்கவில்லை. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது எமது தோட்டக்காரர் மாட்டெருவுக்கும் குழைக்கும் அலைந்ததை மறக்கவில்லை. ஆகவே பிரதேச சபைகள் கூட்டெரு நிலையம் அமைப்பது நல்ல காரியமே. ஆனால் அது எவருடைய கிணற்றுக்கருகில் அமைகிறது என்பதை அந்தக் கிணற்றுக்காரர் அறியவேண்டாமா?

குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீரையே பெரும்பாலும் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். அந்தக் கல்லோ வெடிப்பு நிறைந்தது. கூரையும் சீமெந்துத் தரையுமில்லாத இடத்தில் குப்பையைக் குவித்தால் மாரி மழையில் வடியும் கழிவுநீர் எங்கே போகும்? சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. கிணறு கெட்டபின் வந்த தீர்ப்பு அது.

சட்டத்தில் மக்களுக்கு இடமுண்டு, ஆனால் பெரிய திட்டங்களுக்குத்தான். தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, கருத்துக்கூற 30 நாள் வழங்கப்படும். குப்பை விடயத்தில் 1993ஆம் ஆண்டு வர்த்தமானி குறித்த அளவு நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேல். ஊர்க் கூட்டெரு நிலையம் அந்தக் கணக்கில் வராது. அதற்குப் பொதுவாகச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் போதும்; அயலவரைக் கேட்கும் கட்டாயம் அதிலில்லை.

கேட்டால் எல்லோரும் "எங்கட ஊரில் வேண்டாம்" என்பார்களென அதிகாரிகள் சொல்லக்கூடும். அதில் உண்மையுமுண்டு. நகரத்துக் குப்பை கல்லுண்டாய்க்குப் போய்விட்டால் நகரத்தாருக்கு நிம்மதி. அது பற்றியெரியும்போது புகையைச் சுவாசிப்பவர் வேறு ஆட்கள். (நாமும் குப்பைப் பையைப் படலையில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறவர்களே.) ஆனாலும் எதிர்ப்பவரின் கேள்விகளைக் கவனியுங்கள்: நாளுக்கு எத்தனை லோட்? கூரை உண்டா? கழிவுநீரைத் தேக்கத் தொட்டி உண்டா? கண்ணாடியையும் பொலித்தீனையும் யார் பிரிப்பார்? கடைசிக் கேள்வி பசளை வாங்கும் தோட்டக்காரனுக்கும் உரியது; கண்ணாடித்துண்டு கலந்த எருவைத் தறையிலிட எவன் துணிவான்? இவற்றுக்கான பதில் உரிம நிபந்தனையாக எழுதப்பட்டால் பாதி எதிர்ப்பு அடங்கும் என்பது எமது எண்ணம்.

பிரதேச சபைகள் இதற்குச் சட்டம் மாறும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. கிராம அலுவலர் அலுவலகத்தில் தமிழில் அறிவித்தல் ஒட்டி 30 நாள் கொடுங்கள். கூலிக்குப் போவோரும் வரக்கூடியதாக மாலையில் சனசமூக நிலையத்தில் ஒரு கூட்டம் வையுங்கள். நிலையம் இயங்குமுன் அயல் கிணறுகளைச் சோதித்து முடிவைக் குறித்துவையுங்கள். உரிமம் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் மீண்டும் சோதியுங்கள்.

உரிமம் ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதன் நிபந்தனைகளின் பிரதியை வாசகர்கள் எழுத்தில் கேட்கலாம். விண்ணப்பத்தைச் சபையின் தகவல் அலுவலருக்குக் கொடுத்துப் பற்றுச்சீட்டை வாங்கி வைத்திருங்கள்.