சங்கிலியின் மறுமுனை

சென்ற கோடையில் ஒரு புது வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தேன். பளிங்குத் தரை, வாசலில் பெரிய இரும்புக் கதவு. கதவருகே இரண்டு முழச் சங்கிலியில் ஒரு நாய், நண்பகல் வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வறண்டுபோன ஓர் அலுமினியச் சட்டி. “தண்ணீர் வைக்கலாமே” என்றேன். வீட்டுத் தலைவர் சிரித்தார். “நாய்தானே சாமி! ராத்திரி அவிழ்த்து விடுவோம்” என்றார். அந்த ‘நாய்தானே’ என்னும் சொல் இன்றும் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்கிறது.

ஆம், நாய்தான். ஆனால் அது தானாக வந்து சங்கிலிக்குக் கழுத்தை நீட்டியதா? காவலுக்கோ பெருமைக்கோ நாமே அதைக் கொணர்ந்தோம். இரை தேடவும் நிழல் நாடவும் அதற்கிருந்த கால்களைக் கட்டினோம். கட்டிய அக்கணமே அதன் உணவும் நீரும் நிழலும் நம்முடைய கடனாகிவிட்டன. இதனை இரக்கம் என்று சொல்லி எளிதாகத் தப்பிவிடக் கூடாது. இரக்கம் விரும்பினால் தருவது. கடன் தந்தே தீர வேண்டியது.

நாட்டின் சட்டமும் இதையே கூறுகிறது. விலங்குகளைப் பராமரிப்போர் அவற்றின் நலனுக்கு வேண்டியன செய்தாக வேண்டும் என 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 3-ஆம் பிரிவில் பணிக்கிறது. மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது, எந்நேரமும் கட்டப்பட்ட நாயை நடக்கவிடாதிருப்பது, போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராதிருப்பது, பசியால் வாடும்படி கைவிடுவது ஆகிய அனைத்தும் 11-ஆம் பிரிவின்படி குற்றங்கள். முதன்முறைக் குற்றத்திற்குத் தண்டமோ 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான்! அந்தச் சங்கிலியின் விலைகூட இதைவிட மிகுதி. தண்டம் சிறிது என்பதால் குற்றமும் சிறிதாகிவிடுமா?

இக்கடன் விலங்கோடு முடிவதுமில்லை. முட்டும் மாடு என எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிவைக்காத உரிமையாளன், அது ஓர் உயிரைக் கொன்றால் பழிக்கு உள்ளாவான் என்று விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரம் விதிக்கிறது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவும், தன் விலங்கால் பிறருக்கு நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் பிழைப்போர் மிக அரியர். ஆனால் நாய்க்கு உரிய காலத்தில் போடும் தடுப்பூசி அந்நோயைத் தடுத்துவிடும். ஊசி போடாமல் நாயைத் தெருவில் உலவவிடுபவர் அண்டை வீட்டுக் குழந்தையின் உயிரைப் பணயம் வைக்கிறார்.

“மனிதரே பட்டினி கிடக்கையில் நாய்க்கு இத்தனை பரிவா?” என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ஏழைக்கு உரியதை எடுத்து நாய்க்குப் பட்டு மெத்தை விரிப்பதை நானும் கண்டிக்கிறேன். ஆனால் ஒரு சட்டித் தண்ணீரால் எந்த ஏழை பட்டினி கிடந்தான்? பெரும்பாலும் இக்கேள்வியை எழுப்புவோர், நாய்க்குக் கொடுக்காததை ஏழைக்கும் கொடுப்பதில்லை. வாயில்லாச் சீவனிடம் பழகிய கல்மனம் வேலைக்காரச் சிறுமியிடமும் வயது முதிர்ந்த தாயிடமும் மெல்ல மெல்ல வெளிப்படுவதை நான் பல இல்லங்களில் கண்டிருக்கிறேன்.

குட்டியாய் இருக்கையில் கொஞ்சிவிட்டு, நோயுற்றதும் சாக்கில் கட்டிச் சந்தைத் திடலில் இறக்கிவிட்டுத் திரும்பும் அன்பர்களே! உங்களால் வளர்க்க இயலாதெனில் வளர்க்காதீர்கள், அதில் பாவமில்லை. வளர்ப்பதெனில் நாளும் நீர் வையுங்கள், நிழலில் கட்டுங்கள், காலையும் மாலையும் நடத்திச் செல்லுங்கள், ஆண்டுதோறும் ஊசி போடுங்கள், முதுமையிலும் உடனிருங்கள். சங்கிலியின் ஒரு முனை அதன் கழுத்தில் இருக்கிறது. மறுமுனை கதவில் இல்லை. நம் மனச்சான்றில் கட்டப்பட்டிருக்கிறது.