விதியின் எழுத்தும் விதியின் கருத்தும்

நீதி என்றதும் நம் நெஞ்சில் நீதிமன்றமே தோன்றுகிறது. ஆயினும் கறுப்பு அங்கியும் உயர்ந்த மேடையும் இல்லாத இடங்களிலும் நீதி நாள்தோறும் வழங்கப்பெறுகிறது. பள்ளி விளையாட்டுத் திடல் அத்தகைய இடங்களுள் ஒன்று. வளரும் பிள்ளைகள் பலர் தம் வாழ்வில் காணும் முதல் நீதிபதி, அங்கே விசிலுடன் நிற்கும் நடுவரே ஆவார். ஆதலின் அவர் பெறும் பயிற்சி எத்தகையது என்னும் வினா, உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று. நீதியை மதிக்கும் அனைவர்க்கும் உரியது. கூடைப்பந்து பிறந்த அமெரிக்க நாட்டின் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் இவ்வாட்டத்தைத் தோற்றுவித்தார். அவர் வகுத்த 13 விதிகளிலேயே இரு நடுவர்கள் இடம்பெற்றனர். ஒருவர் ஆட்டக்காரர்களைக் கண்காணிப்பவர். மற்றவர் பந்தைக் கண்காணிப்பவர். ஆட்டம் பிறந்தபோதே நடுவரும் பிறந்துவிட்டார் எனலாம்.

இன்று அந்நாட்டின் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கான விதிகளை மாநிலப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு வகுத்தளிக்கிறது. விதிநூலுடன், ஆட்டத்தில் எழக்கூடிய சிக்கல்களை எடுத்துக்காட்டி விடை கூறும் நூலையும், நடுவர் கையேட்டையும் அது வெளியிடுகிறது. நடுவர்களைப் பதிவு செய்வது மாநிலச் சங்கங்களின் பணி. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடினும், எழுத்துத் தேர்வும் விதி விளக்கக் கூட்டங்களும் பயிற்சி முகாம்களும் பொதுவாக உண்டு. ஒருமுறை கற்றால் போதும் என்பதற்கும் இடமில்லை. சான்றாக, அணியின் தவறுகளை ஆட்டத்தின் பாதிக்குப் பாதி கணக்கிட்டு வந்த முறை, 2023-24 பருவத்திலிருந்து கால்பகுதிதோறும் கணக்கிடும் முறையாக மாறிற்று. கால்பகுதியில் ஓர் அணி ஐந்தாம் தவறு செய்தால் எதிரணிக்கு இரண்டு தடையிலா எறிகள் உண்டு. இதனை அறியாத நடுவர், நல்லெண்ணம் உடையவராயினும் அநீதியே இழைப்பார்.

எனினும் நம் கவலை இதனினும் ஆழமானது. விதியை ஒதுக்கிவைக்கும் உரிமை எந்த நடுவருக்கும் இல்லை என்று அவ்விதிநூல் வரையறுக்கிறது. அதே நூல், ஒவ்வொரு விதியின் நோக்கத்தையும் உணர்ந்து அறிவுடன் செயற்படுத்த வேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. எழுத்தும் வேண்டும், கருத்தும் வேண்டும். இவ்விரண்டும் முரணும்போது என் செய்வது?

2017 மார்ச்சில் மேரிலாந்து மாநிலத்தில் இம்முரண்பாடு வெளிப்பட்டது. முக்காடு அணிந்த முஸ்லிம் மாணவி ஒருவர் அப்பருவத்தின் 24 ஆட்டங்களில் தம் அணியுடன் தடையின்றிப் பங்கேற்றிருந்தார். மண்டல இறுதி ஆட்டத்தன்றோ அவர் ஆட அனுமதிக்கப்படவில்லை. சமயம் சார்ந்த தலைத்துணிக்கு மாநிலச் சங்கத்தின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும் என்னும் விதியே காட்டப்பட்ட காரணம். விதியின் கருத்தை விடுத்து எழுத்தையே நடுவர்கள் பற்றிக்கொண்டனர் என்று மாநில விளையாட்டு நிர்வாகமே பின்னர் கூறிற்று.

அந்நடுவர்களைப் பகைவராகச் சித்திரிப்பது எளிது. அது நமக்கு உடன்பாடன்று. பகைவர்க்கும் நீதி வழங்கப் பணிக்கும் மார்க்கம் நம்முடையது. நடுவர்க்கும் நாம் நீதி செய்ய வேண்டும். அவர்கள் நூலில் இல்லாததைச் செய்யவில்லை. தலையணி விதியின் நோக்கம் பிறர்க்குக் காயம் நேராமல் காப்பது. மென்துணியால் எவர்க்கும் காயம் நேராது என்பதை 24 ஆட்டங்கள் மெய்ப்பித்திருந்தன. 24 நாள் உறங்கிய விதி, இருபத்தைந்தாம் நாள் விழித்தெழுந்ததே குறை. அக்குறை ஒருவருடையது அன்று, பயிற்சி முறையினுடையது.

விதியே பிழையாயின் அதனைத் திருத்துவதே முறை. 2014-இல் சீனாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் நம் நாட்டுச் சீக்கிய வீரர்கள் தலைப்பாகையைக் களைய நேர்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. நைஸ்மித்தின் அதே ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் வளர்ந்து, முக்காட்டுடன் ஆடி, 2009-இல் பள்ளி ஆட்டங்களில் மாநிலச் சாதனையை முறியடித்தவர் பில்கீஸ் அப்துல் காதிர். கல்லூரிக்குப் பின் தொழில்முறை ஆட்டத்திற்குச் செல்ல விழைந்த அவரைப் பன்னாட்டுக் கூட்டமைப்பின் தலையணித் தடை மறித்தது. அவரும் பிறரும் இடைவிடாது குரல் கொடுத்தனர். 2017 மே மாதம் ஹாங்காங்கில் கூடிய பன்னாட்டுக் கூட்டமைப்பு அத்தடையை நீக்கியது. அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து விதியிலும் முன் ஒப்புதல் வேண்டும் என்னும் நிபந்தனை 2021-இல் நீக்கப்பட்டது.

விதி திருந்திவிட்டது; பயிற்சியும் திருந்த வேண்டும் என்பதே நம் கருத்து. தேர்வில் விதி எண்ணைக் கேட்பதோடு, அவ்விதி எதற்காக எழுந்தது என்றும் கேட்க வேண்டும். ஆடை, அணிகலன் பற்றிய ஐயங்களைப் பருவத் தொடக்கத்திலேயே பள்ளிக்குத் தெரிவித்துத் தீர்க்க வேண்டும். ஆட்டத்தன்று ஒரு பிள்ளையைப் பலர்முன் நிறுத்தித் தீர்த்தலாகாது. முதிர்ந்த நடுவர் இளையவரை உடனிருந்து பயிற்றவும் வேண்டும்.

பார்வையாளர்க்கும் கடமை உண்டு. 2018-19-க்குப் பின் சில ஆண்டுகளுள் எல்லா விளையாட்டுகளிலுமாக ஏறத்தாழ 50,000 பள்ளி நடுவர்கள் விலகினர் என்று அத்தேசியக் கூட்டமைப்பு தெரிவித்தது. பெற்றோரும் பார்வையாளரும் பொழியும் வசைமொழி அதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று. வசையால் நடுவரை விரட்டிவிட்டு நல்ல தீர்ப்பை எதிர்பார்ப்பது, விதை நெல்லை உண்டுவிட்டு விளைச்சலுக்குக் காத்திருப்பதை ஒக்கும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் பொறுப்பேற்பீர்கள். விசில் கையில் இல்லாவிடினும் ஏதேனும் ஒரு விதிநூல் உங்கள் மேசை மீது இருக்கும்; எதிரே ஒரு பிள்ளை நிற்கும். அப்போது நூலைப் புரட்டுங்கள். அவ்விதி யாரைக் காக்க எழுந்தது என்பதையும் எண்ணுங்கள். அவ்விரண்டும் அறிந்தவரே நடுவர்.