பல் விழாத வாளும் ஒரு பொய்க் கதையும்

போலந்து நாட்டின் பழைய தலைநகரம் கிராக்கோ. அங்கே வாவெல் குன்றின் மேல் இருக்கும் அரண்மனையில் ஒரு வாளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவு. கைப்பிடியில் தங்கத் தகடுகள். அலகில் ஒரு சிறு துளை. அதில் கழுகுச் சின்னம் தாங்கிய குட்டிக் கேடயம். பெயர் ‘ஷெர்பியெட்ஸ்’. விளிம்பில் பல் விழுந்த வாள் என்று பொருள்.

ஏன் இந்தப் பெயர்? 1018-ல் போலஸ்லாவ் மன்னர் கீவ் நகரைப் பிடித்தபோது, அங்கிருந்த பொன்வாசலில் வாளை ஓங்கி அடித்தாராம். விளிம்பு தெறித்துப் போனதாம்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குதான் உதைக்கிறது! பொன்வாசல் கட்டப்பட்டதே ஏறத்தாழ இருபது வருடங்கள் கழித்துத்தான். வாளோ 12 அல்லது 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. விளிம்பும் சீராகவே இருக்கிறது.

கதை பொய்யாக இருக்கலாம். வாள் ஏந்திய பெருமை பொய்யல்ல. 1320-ல் விளாடிஸ்லா முடிசூடினார். குள்ளமானவர் என்பதால் இவருக்கு ‘முழ உயர’ மன்னர் என்று பட்டப்பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சிதறிக் கிடந்த நாட்டை ஒன்றுசேர்த்தவர் அவர். அன்று முதல் 1764 வரை முடிசூட்டு விழாக்களில் இந்த வாளுக்கு இடம் இருந்தது.

பிறகு ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் சேர்ந்து போலந்தைக் கூறு போட்டன. 1795-ல் நாடே வரைபடத்தில் இல்லை. வாவெல் பொக்கிஷத்தை பிரஷ்யர்கள் அள்ளிச் சென்றார்கள். 1809-ல் கிரீடங்களை உருக்கினார்கள். அரசர்களின் தலையில் இருந்த தங்கம் காசாகிப் போனது.

வாள் மட்டும் எப்படியோ தப்பியது. கை மாறி மாறி, கடைசியில் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1918-ல் போலந்து விடுதலை பெற்றது. பத்து வருடம் கழித்து வாளும் ஊர் திரும்பியது.

நிம்மதி நீடித்ததா? 1939-ல் ஜெர்மானியப் படை நுழைந்தது. வாளை ருமேனியா, பிரான்ஸ், இங்கிலாந்து வழியாகக் கனடா வரை கடத்திக் காப்பாற்றினார்கள். மறுபடி வீடு திரும்ப 1959 ஆனது.

போலந்தில் இன்று மன்னரும் இல்லை, கிரீடமும் இல்லை. 123 வருடம் நாடே இல்லாமல் இருந்தவர்களுக்கு, ‘எங்களுக்கென்று ஓர் அரசு இருந்தது’ என்று காட்ட எஞ்சியது இந்த வாள். அதன் விளிம்பில் பல் விழுந்ததா என்று அவர்கள் பெரிதாகக் கவலைப்படுவதில்லை!