பிந்திப் பூத்தவனுக்கு மண்டபத்தில் இடமில்லையா?

கிரிக்கெட்டும் எல்லேயும் பார்த்து வளர்ந்த எமக்கு பேஸ்போல் கொஞ்சம் தூரத்து விளையாட்டுத்தான். என்றாலும் அமெரிக்காவில் அந்த விளையாட்டைச் சுற்றி நடக்கும் ஒரு விவாதம், பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டுப் பழகிய ஆசிரியர்களான எம்மைச் சும்மா இருக்க விடவில்லை. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

விவாதத்துக்குரியவர் ஜேக்கப் டிகுரோம் என்ற பந்துவீச்சாளர். பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அவர் பந்துவீச்சாளரே அல்ல, களத்தடுப்பாளர். அங்கே கடைசிக் காலத்தில்தான் அவரைப் பந்து வீச வைத்தார்கள். 2010இல் நியூயோர்க் மெட்ஸ் அணி அவரை 9ஆவது சுற்றில் தெரிவு செய்தது. அதே வருடம் முழங்கையில் சத்திரசிகிச்சை. பெரிய லீக்கில் முதல் ஆட்டம் 2014 மே மாதத்தில்தான் கிடைத்தது. அப்போது அவருக்கு 26 வயதாக ஒரு மாதமே இருந்தது.

வந்த வருடமே தனது லீக்கின் சிறந்த புதுமுக வீரர் விருது. 2018இலும் 2019இலும் பந்துவீச்சாளர்களுக்கான அதியுயர் விருதான சை யங் விருது. 2018இல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுத்தது 1.70 ஓட்டங்கள் மட்டுமே. ஆனால் அந்த வருடம் அவர் பெயரில் பதிவானவை 10 வெற்றிகளும் 9 தோல்விகளும். அவர் தன் வேலையைச் செய்தார், அவருடைய அணிதான் ஓட்டம் எடுக்கவில்லை. நல்ல வேளையாக, விருதுக்கு வாக்களித்த 30 பேரில் 29 பேர் அதைப் புரிந்துகொண்டு அவரையே முதலிடத்தில் வைத்தார்கள்.

இப்போது கேள்வி, கூப்பர்ஸ்டவுனில் உள்ள ஹோல் ஒஃப் ஃபேம் எனும் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைக்குமா என்பதுதான். அங்கே நுழைவது இலகுவல்ல. குறைந்தது 10 பருவங்கள் ஆடியிருக்க வேண்டும். ஓய்வுபெற்று 5 வருடங்கள் கழிய வேண்டும். அதன்பின் மூத்த விளையாட்டு எழுத்தாளர்களின் வாக்கில் 75 சதவீதம் பெற வேண்டும். 5 சதவீதத்துக்குக் குறைந்தால் அடுத்த வருடப் பட்டியலிலேயே பெயர் இருக்காது.

மறுப்பவர்கள் காட்டுவது மொத்தக் கணக்கை. 2025 பருவம் முடிந்தபோது டிகுரோமின் வெற்றிகள் 96. மண்டபத்தில் இருக்கும் டிஸி டீனுக்குக் கூட 150 உண்டு. காயங்களால் 2021 முதல் 2024 வரையான நான்கு பருவங்களில் டிகுரோம் தொடங்கிய ஆட்டங்கள் 35 மட்டுமே. களத்தில் நிலைத்து நிற்பதும் ஒரு திறமைதானே என்கிறார்கள். இது நியாயமான வாதம், தட்டிக் கழிக்க முடியாது.

ஆனால் மண்டபத்தின் சுவரையே கொஞ்சம் பார்ப்போம். சேண்டி கோஃபெக்ஸ் முதல் ஆறு பருவங்களில் 36 வெற்றி, 40 தோல்வி. அடுத்த ஆறில் 129 வெற்றி, 47 தோல்வி. 30 வயதில் ஓய்வு, 36 வயதில் மண்டபம். டாஸி வான்ஸ் பெரிய லீக்கில் தன் முதல் வெற்றியைப் பெற்றதே 31 வயதில். பிறகு தொடர்ந்து ஏழு வருடங்கள் தனது லீக்கில் ஸ்ட்ரைக் அவுட்டில் அவரே முதலிடம். அவரும் உள்ளே இருக்கிறார். சச்சல் பேஜ் பெரிய லீக்குக்கு வந்தபோது வயது 42. அவர் பிந்தி வந்தவர் அல்லர். கறுப்பினத்தவர் என்பதற்காகக் கதவு பூட்டப்பட்டதால் பிந்த வைக்கப்பட்டவர். 1971இல் மண்டபம் அவரையும் ஏற்றது.

வெளியே நிற்பவரும் உண்டு. இரண்டு முறை சை யங் விருது வென்ற ஜொஹான் சந்தானா, தோள்பட்டைக் காயத்தால் 139 வெற்றிகளோடு நின்றுபோனார். 2018இல் அவருக்குக் கிடைத்தது 2.4 சதவீத வாக்கு. ஒரே வருடத்தில் பெயர் வெட்டப்பட்டது. அது அநியாயம் என்றே நாம் நினைக்கிறோம். அதே தவறு இன்னொரு முறை நடக்கக் கூடாது.

எமது கருத்து இதுதான். பிந்தி வந்தார் என்பதற்காக டிகுரோமுக்கு மேலதிகப் புள்ளி வேண்டாம். அனுதாபத்துக்காக மண்டபத்தில் யாரையும் ஏற்றக் கூடாது. ஆனால் பிந்தியதற்காகப் புள்ளி குறைக்கவும் கூடாது. 25 வயதுக்கு முன் அவர் ஆடாத ஆட்டங்களை எண்ணாமல், ஆடிய ஆட்டங்களில் அவரை விடச் சிறந்தவர் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் அவர் தகுதியானவரே. இரண்டாவது முழங்கைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு, 2025இல் 37 வயதில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்காக 30 ஆட்டங்களைத் தொடங்கி 12 வெற்றிகள் பெற்றிருக்கிறார். நிலைத்து நிற்கமாட்டார் என்றவர்களுக்கு அதுவே பாதிப் பதில். இன்னும் ஓரிரு முழுப் பருவங்கள் ஆடினால் மீதிப் பதிலும் கிடைத்துவிடும்.

எமக்கு இது புதுக்கதையும் அல்ல. ரங்கன ஹேரத் 1999இல் டெஸ்ட் ஆட வந்தார். முரளியின் நிழலில் வருடங்கள் போயின. கடைசியில் 433 விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்றார். அவரைப் பிந்தியவர் என்று இன்று யாராவது குறைத்துப் பேசுகிறோமா?

அப்படியானால் எமது வகுப்பறையில் மட்டும் ஏன் வேறு அளவுகோல்? தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேற்றை வைத்தே "இவன் தேற மாட்டான்" என்று எழுதிவிடுகிறோம். பரிசளிப்பு விழாவில் மொத்தப் புள்ளிக்காரர்களை மட்டும் மேடைக்கு அழைக்கிறோம். தரம் 9இல் திடீரென விழித்துக்கொள்ளும் பிள்ளைக்குக் கைதட்ட எம்மிடம் ஒரு நிகழ்ச்சி நிரல் கூட இல்லை. இதில் ஆசிரியர்களான எமக்கும் பங்குண்டு, பெற்றோருக்கும் பங்குண்டு.

உங்கள் வீட்டில், உங்கள் வகுப்பில் அப்படிப் பிந்திப் பூத்த ஒருவர் இருந்தால் கீழே எழுதுங்கள். சேர்ந்து பேசுவோம்.