விரல் வைத்துக் காட்டு!

எதிர் வீட்டு அக்கா சாயங்கால வேளையில் காபிப் பொடி கடன் கேட்க வருவது வழக்கம். அன்று வந்தவள் கையில் கிண்ணம் இல்லை. நாலாய் மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

"இதைக் கொஞ்சம் பாரேன். என்னிடம் காட்டாமல் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தான்!" என்றாள்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் அவள் பிள்ளையின் ஆங்கிலப் பரீட்சைத் தாள் அது. இலக்கணம், கடிதம், பாடக் கேள்விகள் எல்லாம் பரவாயில்லை. பாடத்தில் இல்லாத பத்தியைக் கொடுத்து, படித்துப் பார்த்து விடை எழுதச் சொல்வார்களே, அங்கேதான் பிள்ளையாண்டான் சறுக்கியிருந்தான். இருபதுக்கு ஏழு!

"நான் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். அம்மாவுக்கு என்ன புரியப் போகிறது என்றுதானே ஒளித்து வைத்தான்?" அவள் குரல் கம்மிவிட்டது. மார்க் போனதைவிட அதுதான் அவளைச் சுட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

பையனைக் கூப்பிட்டேன். முதல் பத்தி தேனீக்களைப் பற்றியது. அவை குறைந்து வருவதற்குப் பத்தி சொல்லும் காரணம் என்ன என்பது கேள்வி. இவன் செல்போன் கோபுரம் என்ற விடையைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

"அது எங்கேயடா இருக்கிறது? விரல் வைத்துக் காட்டு" என்றேன்.

மேலும் கீழும் தேடினான். பூச்சி மருந்து என்றுதான் இருந்தது. "ஆனால் சித்தி, வாட்ஸப்பில் அப்படித்தானே வந்தது?" என்றான்.

சகோதரிகளே, பிள்ளைகள் மார்க்கைக் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தனக்கு என்ன தெரியும் என்று கேள்வி கேட்கவில்லை. பத்தியில் என்ன இருக்கிறது என்றே கேட்கிறது.

அடுத்த பத்தியில் ஒரு கிழவர் ரயிலடியில் உட்கார்ந்திருந்தார். நாலாவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்தார். வாங்கி வைத்த தேநீர் ஆறிப் போயிற்று. அவர் மனநிலை என்ன? இவன், 'நிம்மதி' என்று குறித்திருந்தான். பேசாமல் உட்கார்ந்திருந்தாராம், அதனால் நிம்மதியாம்! பத்தியைத் தமிழில் அக்காவுக்குச் சொன்னேன்.

"பாவம், யாரோ வரவேண்டியவர்கள் வரவில்லை. தவித்துக் கொண்டிருக்கிறார்" என்றாள் சட்டென்று.

"தவிப்பு என்று எங்கேயும் எழுதவில்லையே, அக்கா?"

"எழுதினால்தானா? ஆறின தேநீர் சொல்லவில்லையா?"

பையன் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தான். வாராவாரம் தொடர்கதை படிக்கிறவளுக்கு இது ஒரு வித்தையா! கதாநாயகி கோபித்துக்கொண்டாள் என்று ஆசிரியர் எழுதுவதில்லை. பாத்திரத்தை நங்கென்று வைத்தாள் என்று எழுதுகிறார். மீதியை நாம் அறிந்துகொள்ளவில்லையா? பரீட்சையில் கேட்பதும் அதைத்தான்.

இனி, கணக்கைப் பார்ப்போம். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளுக்கு 80 மார்க். நேரம் மூன்று மணி. மார்க்குக்கு இரண்டேகால் நிமிஷம். படித்தறியும் பகுதியில் இரண்டு பத்திகளுக்குமாக 20 மார்க். அதாவது 45 நிமிஷம். நாற்பதில் முடித்தால், மிச்சம் ஐந்து திருப்பிப் பார்க்க உதவும். எழுதத் தொடங்குமுன் கேள்வித்தாளைப் படிக்கவென்றே 15 நிமிஷம் தருகிறார்கள். அந்த நேரத்தில் முதலில் கேள்விகளைப் படித்துவிட்டுப் பிறகு பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். கறிகாய்க் கடைக்குச் சீட்டோடு போவதற்கும் சும்மா போவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

'நாட்' என்ற சொல் கேள்வியில் இருந்தால் அதன் கீழே கோடு போடட்டும். அதைக் கவனிக்காமல் நேர்மாறாக விடை எழுதும் பிள்ளைகள் உண்டு. 'ஆல்வேஸ்', 'நெவர்', 'ஒன்லி' என்று அடித்துச் சொல்லும் விடைகளைச் சற்றுச் சந்தேகிக்கலாம். பத்தியும் அப்படியே அடித்துச் சொல்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்கலாம். 'பட்', 'ஹவெவர்' வருமிடத்தில் நிதானம் வேண்டும். ஆசிரியர் திரும்பும் முச்சந்தி அது. தெரியாத சொல் வந்தால் பயப்படாமல், முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் பார்த்தால் பொருள் பிடிபடும். தப்பான விடைக்கு மார்க் பிடித்தம் இல்லையாதலால் எதையும் காலியாக விட வேண்டாம்.

இத்தனைக்கும் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரிந்தாக வேண்டுமா? வேண்டியதில்லை. தினம் ஒரு பத்தியைப் படித்துத் தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு விடைக்கும், "எங்கே இருக்கிறது? விரல் வைத்துக் காட்டு" என்று கேளுங்கள். போதும்.

பதினைந்து நாள் கழித்து அக்கா மறுபடியும் வந்தாள், கிண்ணத்தோடு. பின்னாலேயே பையனும் வந்தான். கையில் நம் பத்திரிகை!

"சித்தி, இந்தத் தொடர்கதையில் வருகிற மாமா நல்லவர் இல்லை. அம்மாதான் அவரை நம்புகிறாள்" என்றான்.

"எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று நான் கேட்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்:

"எங்கே இருக்கிறது? விரல் வைத்துக் காட்டு!"

காட்டினான். அக்கா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு, காபிப் பொடியை மறந்து உட்கார்ந்துவிட்டாள்.