கியர் போடு மச்சி: 3,500 கிலோ... முழுசா நம்பாதே!

இன்டர்னல் எக்ஸாம் எல்லாம் முடிஞ்சுதா? ரிசல்ட்டைப் பத்திக் கேட்க மாட்டேன், பயப்படாதீங்க. இந்த வாரம் 'கியர் போடு மச்சி'யில ஒரு போன்காலில் ஆரம்பிச்ச கதை. ஹீரோ என் பெரியம்மா பையன். காமெடியன், வழக்கம்போல நான்தான்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி, அதாவது ஹாஸ்டல் கணக்குப்படி நடுராத்திரி. ஆஸ்திரேலியாவில ஜீலாங்கிற ஊர்ல எலெக்ட்ரீஷியனா இருக்கிற அண்ணன்கிட்டயிருந்து போன்.

"டேய் தம்பி, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? செகண்ட் ஹேண்ட்ல ஒரு யூட் பார்த்திருக்கேன். டிசம்பர்ல அம்மா, அப்பா வர்றாங்க. கேரவன் இழுத்துக்கிட்டு எல்லாரும் டூர் போகணும். வாங்கலாமாடா?"

எனக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் இருக்கிற விஷயம் பெரியம்மா வீடு வரைக்கும் போகலை போல. (இப்ப போயிருக்கும்!) கெத்தை விடாம கேட்டேன். "கேரவன் எவ்வளவு எடைண்ணா?" "ஃபுல் லோடுல 2,800 கிலோ." "வண்டி எவ்வளவு இழுக்கும்?" "3,500." "அப்புறம் என்னண்ணா, 700 கிலோ மிச்சம் இருக்கே. வாங்கிடுங்க!"

ரெண்டே நிமிஷம். போர்வையை இழுத்துப் போர்த்திட்டேன். அந்தப் பதில் தப்புன்னு தெரிஞ்சது சாயங்காலம்தான். அதுக்குள்ள அண்ணன் அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிட்டார்!

யூட்னா என்ன பாஸ்?

முன்னாடி கார், பின்னாடி தொட்டி. 'யூட்டிலிட்டி'யைச் செல்லமா சுருக்கி 'யூட்'. ரெண்டு வரிசை சீட், நாலு கதவு இருந்தா அது டூயல் கேப். நம்ம ரோட்டில ஓடுற இசுஸூ வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் எல்லாம் இந்த ஜாதிதான். வி-கிராஸ் தயாராகிறது, சென்னையிலிருந்து ஆந்திர எல்லையைத் தாண்டினதும் வர்ற ஸ்ரீசிட்டியில.

ஆனா யூட்டோட தாய்வீடு ஆஸ்திரேலியா. அதுவும் அண்ணன் இருக்கிற அதே ஜீலாங்! ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போகணும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கும் ஏத்திட்டுப் போகணும், அப்படி ஒரே வண்டி வேணும்னு 1932-ல ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்கு லெட்டர் போட்டதாகச் சொல்வாங்க. அதுக்கு டிசைன் போட்டவர் லூ பாண்ட். அப்ப அவர் இருபதுகளின் ஆரம்பத்தில இருந்தார். நம்மைவிட ரெண்டு மூணு வயசுதான் பெரியவர்! 1934-ல வண்டி வந்துடுச்சு.

இன்னிக்கு அங்கே கார் கம்பெனிகள் உற்பத்தியை நிறுத்தியாச்சு. ஃபோர்டு 2016-லயும், ஹோல்டன் 2017-லயும் கடையைக் கட்டினாங்க. இப்ப அங்கே ஓடுற டூயல் கேப்கள்ல பெரும்பாலானவை தாய்லாந்தில செய்தவை. ஆனாலும் மவுசு குறையலை. 2023, 2024 ரெண்டு வருஷமும் ஆஸ்திரேலியாவில அதிகம் விற்ற வண்டி ஃபோர்டு ரேஞ்சர். அதுக்கு முன்னாடி பல வருஷம் ஹைலக்ஸ்.

நாலு நம்பர், ஒரு தலைவலி

விளம்பரத்தில கொட்டை எழுத்தில போடுறது '3,500 கிலோ டோயிங்'. அதாவது, பிரேக் உள்ள வண்டியைப் பின்னாடி கட்டி இழுக்கிற உச்சவரம்பு. பொடி எழுத்தில இன்னும் மூணு நம்பர் இருக்கு. நான் பார்க்காம விட்டது அதைத்தான்.

ஜி.வி.எம்.: வண்டி, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து, யூட் தன் சக்கரங்கள்ல தாங்கக்கூடிய மொத்த எடை.

ஜி.சி.எம்.: யூட்டும், இழுக்கிற வண்டியும் சேர்ந்த மொத்த எடையின் வரம்பு.

ஏ.டி.எம்.: காசு எடுக்கிற மெஷின் இல்லீங்கோ! கேரவன் சாமானோடு அதிகபட்சம் இருக்கலாம்னு அனுமதிச்ச எடை.

இதுக்கு நடுவில ஒரு வில்லன் உண்டு. பேரு டோ பால். கேரவனை மாட்டுற இரும்பு உருண்டை. கேரவன் எடையில சுமார் பத்துல ஒரு பங்கு இந்த உருண்டை மேல உட்காரும். அது யூட் சுமக்கிற சாமான் கணக்கில சேரும். இது தெரியாமத்தான் அண்ணனுக்கு அட்வைஸ் பண்ணியிருக்கேன்!

அண்ணன் கணக்கு

அண்ணன் பார்த்த வண்டியின் எடை, டேங்க் நிறைய டீசலோட, ரவுண்டா 2,200 கிலோ. ஜி.வி.எம். 3,100. அப்போ ஏத்தக்கூடியது 900 கிலோ. ஜி.சி.எம். 6,000. இப்ப கூட்டுங்க.

டோ பால் மேல 280. அண்ணன், அண்ணி, குட்டிப் பொண்ணு, பெரியப்பா, பெரியம்மா அஞ்சு பேரும் சேர்ந்து 320. பழைய ஓனர் மாட்டின முன்பக்க இரும்பு பார், தொட்டி மேல மூடி, கேரவன் மாட்டுற இரும்புச் சட்டம் எல்லாம் 250. தொட்டியில எப்பவும் கிடக்கிற அண்ணனோட டூல்ஸ், கேபிள் 150.

மொத்தம் 1,000. அனுமதி 900. நூறு கிலோ ஓவர்!

கவனிச்சீங்களா? 3,500 கிலோ வரம்பை நெருங்கக்கூட இல்லை. ஜி.சி.எம்-மும் தாண்டலை (கூட்டிப் பார்த்தா 5,720தான் வருது). ஆனா ஜி.வி.எம்-ல அவுட். இன்னொரு கொடுமை: அதே வண்டியில முழு 3,500 கிலோவைக் கட்டினா, ஜி.சி.எம்-ல யூட்டுக்கு மிஞ்சுறது 2,500. வண்டி எடை 2,200 போனா, ஆளுக்கும் சாமானுக்கும் வெறும் 300. அஞ்சு பேர் ஏறினாலே முடிஞ்சுது!

கேரவன் பக்கமும் உஷார். விளம்பரத்தில இருக்கிற காலி எடையில தண்ணீர் கிடையாது. 95 லிட்டர் டேங்க் ரெண்டு இருந்தா, நிரப்பினதும் 190 கிலோ கூடிடும்.

ஆர்க்கிமிடீஸ் தாத்தா வர்றார்

ஏழாம் கிளாஸ் நெம்புகோல் ஞாபகம் இருக்கா? டோ பால் இருக்கிறது பின் சக்கரத்துக்கு நேர் மேல இல்லை, சுமார் 1.2 மீட்டர் பின்னாடி. முன், பின் சக்கரங்களுக்கு நடுவில 3.1 மீட்டர். அதனால 280 கிலோவை வெச்சா பின் ஆக்ஸில் மேல ஏறுறது 280 இல்லை, கிட்டத்தட்ட 390! முன் சக்கரத்திலயிருந்து 110 கிலோ குறைஞ்சிடும். சீ-சா மாதிரி. முன் சக்கரம் லேசானா ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பழைய மாதிரி பேச்சு கேட்காது. அதனாலதான் பின் ஆக்ஸிலுக்குத் தனி வரம்பு வெச்சிருக்காங்க.

சரி, டோ பால் எடையைக் குறைச்சிடலாம்னு சாமானை எல்லாம் கேரவனோட பின்பக்கம் தள்ளினா? கேரவன் வாலாட்ட ஆரம்பிக்கும். ஹைவேயில அது ஆடினா அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்லை.

இன்னும் சிலர் பின்பக்கம் தொங்குதேன்னு ஏர்பேக் ஸ்பிரிங் மாட்டிக்குவாங்க. வண்டி நிமிர்ந்து நிக்கும், பார்க்க சூப்பரா இருக்கும். ஆனா லீஃப் ஸ்பிரிங் தன் ரெண்டு முனையிலும் பிரிச்சுக் கொடுத்த பாரத்தை, ஏர்பேக் ஃபிரேமில ஒரே இடத்தில குத்தும். வரம்பு மட்டும் ஒரு கிலோகூட ஏறாது. மேடு பள்ளமான அவுட்பேக் ரோட்டில சேஸிஸ் வளைஞ்சு, நடுவில ஒடிஞ்ச மாதிரி நிக்கிற யூட்கள் அங்கே பழகின காட்சி.

சரி... எந்த வண்டி?

இழுக்கிறதுக்கு: ரேஞ்சரின் 3.0 லிட்டர் வி6 டீசல்ல 600 நியூட்டன் மீட்டர் டார்க். ஹைலக்ஸ் 2.8 ஆட்டோமேட்டிக்ல 500. 2024-ல வந்த மிட்சுபிஷி ட்ரைட்டன்ல 470. இசுஸூ டி-மேக்ஸ் 3.0-ல 450. நாலுமே 3,500 கிளப். மேடு ஏறும்போது வி6 மூச்சு வாங்காது. மத்ததும் ஏறும், கொஞ்சம் நிதானமா.

சுமக்கிறதுக்கு: லாரி மாதிரி பட்டை பட்டையா அடுக்கின லீஃப் ஸ்பிரிங்தான் ராஜா. 2015-ல நிசான் நவாராவோட டூயல் கேப்புக்குப் பின்னாடி சுருள் ஸ்பிரிங் வெச்சாங்க. காலியா போனா சொகுசு, லோடு ஏத்தினா உட்கார்ந்துடுச்சு. அப்புறம் திரும்பத் திரும்ப மாத்த வேண்டியதாப் போச்சு. விலை கூடினா பலம் கூடும்னும் நினைக்காதீங்க. ரேஞ்சர் வரிசையில கெத்து பார்ட்டியான ராப்டர் இழுக்கிறது 2,500தான். பிளக்-இன் ஹைப்ரிட்டான பி.ஒய்.டி. ஷார்க் 6-ம் 2,500, சுமக்கிறது 790.

அப்புறம், உள்ளே அண்ணன் தம்பிகள் உண்டு. 2020-க்குப் பிறகான மாஸ்டா பி.டி-50, டி-மேக்ஸின் உடன்பிறப்பு. 2023-ல வந்த ஃபோக்ஸ்வாகன் அமரோக், ரேஞ்சரின் உடன்பிறப்பு. சட்டை வேற, உடம்பு ஒண்ணு. எது மலிவோ, எதுக்கு உங்க ஊர்ல நல்ல சர்வீஸ் இருக்கோ, அதை எடுக்கலாம்.

பேரைப் பார்த்து நம்பலாமா?

டீசல் புகையில வர்ற கரியைப் பிடிச்சு வெச்சு, சுமார் 600 டிகிரி சூட்டில எரிக்கிற வடிகட்டிதான் டி.பி.எஃப். 'சாகாத வண்டி'ன்னு பேரெடுத்த ஹைலக்ஸே இதில வழுக்கிச்சு. ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர்னு 2015-க்கும் 2020-க்கும் நடுவில விற்ற 2,64,170 வண்டிகள்ல இந்த அமைப்பில குறை இருக்குன்னு 2022-ல ஆஸ்திரேலிய ஃபெடரல் கோர்ட் தீர்ப்பு சொன்னது. சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில தொடர்ந்து ஓட்டினா வர்ற குறை! பேரை மட்டும் வெச்சு முடிவு எடுக்காதேங்கிறதுக்கு இதைவிட என்ன உதாரணம் வேணும்?

செகண்ட் ஹேண்ட்ல எடுக்கிறவங்க பார்க்க வேண்டியது மூணு. ஒண்ணு, சர்வீஸ் புக். ரெண்டு, டி.பி.எஃப். எப்ப சுத்தமாச்சு, ஏதாவது பிரச்னை வந்ததாங்கிற விவரம். மூணாவது காசில்லாத டெஸ்ட்: கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில இருக்கிற இடைவெளி மேலயும் கீழயும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க. மேல அகலமா விரிஞ்சிருந்தா, சேஸிஸ் வளைஞ்சிருக்கலாம். கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க!

கிளைமாக்ஸ்

அன்னிக்கு சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டை மாடியில உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டதும் எனக்கு வியர்த்துடுச்சு. போன் போட்டேன். "அண்ணா, காலையில சொன்னது தப்பு. என்மேலதான் தப்பு." திட்டுவார்னு நினைச்சேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார், "தம்பி, ஓவர்லோடுல ஏதாவது ஆகியிருந்தா இன்சூரன்ஸ்காரன்கூட கையை விரிச்சிருப்பான்ல?" ஆமாண்ணா. அதைவிட, உள்ளே உட்கார்ந்திருக்கப்போறது பெரியப்பா, பெரியம்மா, பாப்பா.

கடைசியில அதே வண்டியைத்தான் வாங்கினார். டூல்ஸ், கேபிள் எல்லாம் வீட்டு ஷெட்டுக்குப் போயிடுச்சு. கேரவனை மாட்டி, மூணு பேரும் ஏறி, எடை மேடைக்குப் போனாங்க. யூட்டோட சக்கரம் மட்டும் மேடையில. ரசீது வாட்ஸ்அப்ல வந்தது: 2,920. பின் ஆக்ஸிலும் வரம்புக்குள்ள. பெரியப்பா, பெரியம்மா 140 சேர்த்தா 3,060. என் கணக்குப்படி மிச்சம் 50, மேடைக் கணக்குப்படி 40.

உடனே பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். "பெரியம்மா, டூர்ல உங்க சாமான் 40 கிலோவைத் தாண்டக் கூடாது." பெரியம்மா கேட்டாங்க, "டேபிள் டாப் கிரைண்டர் எடுத்துட்டுப் போலாம்னு இருந்தேனேடா... அது பன்னெண்டு கிலோதான்!"

கணக்கைத் திரும்பப் போட்டுட்டு இருக்கேன், ஃப்ரெண்ட்ஸ். அடுத்த வாரம் வேற கியர்ல பார்ப்போம். வர்ட்டா!